கழுவி வைத்த குப்பை

குப்பையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்த சனத்தை எங்காவது கண்டிருக்கிறீர்களா? நான் கண்டிருக்கிறேன், அதுவும் எங்கள் அன்புவழிபுரத்தில்.

திருகோணமலைக்கு மீள்சுழற்சிக் கொட்டகையும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையமும் அமைக்கத் திட்டம் வரைந்தவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு வருட உழைப்பு. கடைசியில் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் ஒரு நிபந்தனை போட்டார். ஐந்து நாட்கள் வீட்டுக் குப்பையைப் பிரித்து நிறுக்கவேண்டும். சமையற்கழிவு போதாவிட்டால் எரிவாயு நிலையம் கிடையாது, கொட்டகை மட்டும்தான். என் சனம் கைவிடாது என்று நான் குடியிருக்கும் ஒழுங்கையையே தெரிவு செய்தேன். “அதிகாரிகள் வந்து உங்கள் குப்பையைப் பிரித்துப் பார்ப்பார்கள்” என்று வீடு வீடாக அறிவித்தலும் கொடுத்தேன். அங்கேதான் பிழை விட்டேன்.

திங்கட்கிழமை பைகளைத் திறந்தால், கழுவிய பால்மாப் பைகள், மடித்த கடதாசி, துடைத்த போத்தல்கள். ஒரு மீன்செதில்கூட இல்லை.

“ஏன் மிஸ், இங்க ஒருத்தரும் சமைக்கிறதில்லையா?” என்றார் பொறியியலாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே முன்வீட்டு அக்காவிடம் போனேன்.

“அக்கா, மீன்தலையெல்லாம் எங்க?”

“வீட்டுக்குப் பின்னால கோடிக்குள்ள கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன் பிள்ளை. வெளி ஆக்கள் கிண்டிப் பாக்கப்போகினம், ஊத்தையோட குடுக்கேலுமே? வெக்கமெல்லோ!”

“ஐயோ அக்கா, எனக்கு அந்த ஊத்தைதான் வேணும்!”

“உனக்கென்ன விசரே?”

கதைத்துப் பயனில்லை. என் குசினி வாளியைத் தூக்கிவந்து ஒழுங்கை நடுவில் கவிழ்த்தேன். உண்மையைச் சொன்னால், அதை நானும் அன்று காலை கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன். ஊசிப்போன சோறு, இறால் கோது, அடிப்பிடித்துக் கருகிய பருப்பு.

அக்கா குனிந்து பார்த்தார். “அடியே, பருப்பை இப்பிடியே கருக்கிறது? மனிசன் ஒண்டும் சொல்லேல்லையே?”

“கருக்கினதே அந்த மனிசன்தான்!”

ஒழுங்கையே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நாளிலிருந்து வாளிகள் வரிசையில் வந்தன. “என்ரய முதல் நிறுங்கோ” என்று சண்டைகூட நடந்தது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஒழுங்கையில் வெள்ளியில் யார் மீன் சமைப்பார்கள்? அதை யோசிக்காத என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். மொத்த நிறை கொஞ்சந்தான் குறைந்தது, ஆனாலும் குறைந்ததுதான். பொறியியலாளர் பேனையை மூடினார்.

அப்போது அக்கா வந்தார். தலை முழுகிய ஈரம், நெற்றியில் திருநீறு, கையில் மண் ஒட்டிய உரப்பை. வெள்ளியில் மீன் வாசமே ஆகாது என்பவர், திங்கட்கிழமை தாட்டதையெல்லாம் கிண்டி எடுத்து வந்திருந்தார்.

“இதுவும் இந்த அஞ்சு நாள் குப்பைதானே, தம்பி? நிறுங்கோ.”

பொறியியலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு தராசைப் பார்த்தார். “போதும் மிஸ். நிலையம் உங்களுக்குத்தான்.”

அந்த நாறிய உரப்பையோடு சேர்த்து அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

“விடடி, நான் திரும்பவும் முழுகவேணும்” என்றார் அக்கா.