மூன்றாவது செட்டில் நான் திறக்காத பை

எழுபது வயதைக் கடந்தவர்களுக்கான டென்னிஸ் ஒற்றையர் இறுதி ஆட்டம் காலை ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். தொடங்கியபோது மணி ஒன்பதரை. சிறப்பு விருந்தினர் வந்து எங்களோடு படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆட்டம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். கப்பலூர்ப் பக்கத்து மைதானம், மே மாதம். நடுவர் தலைக்கு மேலிருந்த குடையைத் தவிர வேறு நிழல் இல்லை.

எனக்கு எதிராக ஆடியவர் என் இரட்டையர் கூட்டாளி. முப்பது ஆண்டுகளாக வலையின் ஒரே பக்கத்தில் நின்றவர்கள் நாங்கள். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஆட்டத்தின் நடுவே சர்க்கரை இறங்கினால் அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். உதட்டை நக்குவார், பேச்சு இழுக்கும், ஸ்கோர் மறந்துபோகும். அதற்காகவே என் பையில் கடலை மிட்டாய் வைத்திருப்பேன். எத்தனையோ முறை நானே ஒடித்து அவர் வாயில் போட்டிருக்கிறேன். நான் வைத்திருப்பதால் அவர் தன் பையில் எதுவும் வைப்பதில்லை.

அன்று காலை ஆறு மணிக்கே ஊசி போட்டு, இரண்டே இட்லி தின்றுவிட்டு வந்திருந்தார். இதுவும் எனக்குத் தெரியும். ஒரே வண்டியில்தான் வந்தோம்.

இளவயதில் நான் மாநிலப் பட்டம் வென்றவன். கல்லூரியில் கணிதம் கற்பித்த காலத்திலும் ஓய்வுக்குப் பிறகும், விளையாட்டு விழாக்களில் மன உறுதி பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். பந்தை மட்டும் பார்க்காதீர்கள், அடிப்பவரின் உடம்பைப் பாருங்கள், எங்கே தளர்கிறதோ அங்கே ஆடுங்கள் என்பேன். கைதட்டுவார்கள்.

என் கூட்டாளி என்னிடம் அதுவரை ஒரு செட் கூட எடுத்ததில்லை. அன்று முதல் செட்டை எடுத்தார். கம்பிவேலிக்கு அப்பாலிருந்து ஒருவர், "சாம்பியனுக்கு வயசாயிருச்சுப்பா" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது செட்டை எப்படியோ இழுத்துப் பிடித்தேன். மூன்றாவதில் மூன்றுக்கு மூன்று என்று நின்றது.

அப்போதுதான் அவர் தவறான பக்கத்தில் நின்று சர்வீஸ் போடப் போனார். நடுவர் திருத்தினார். அவர் வலைக்கு மேலாக என்னைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கோரு எம்புட்டு மாப்ள?"

நாக்கு உதட்டில் இருந்தது. சட்டை மார்போடு ஒட்டியிருந்தது.

"மூணுக்கு மூணு. போடு" என்றேன்.

அந்த கேமை நான் எடுத்தேன். பக்கம் மாறும்போது அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். நடுவில் என் பை. அவர் என்னைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டைப் பையின் மேல் போட்டேன். கை தானாகச் செய்தது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. இன்னும் இரண்டு கேம், பத்து நிமிடம், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது, முடிந்ததும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டே செய்தேன். நடுவர் அழைக்கும் முன்பே எழுந்துவிட்டேன். நான் எழுந்தால் அவரும் எழுவார்.

பிறகு பந்தை வலையோரம் மெல்லப் போட்டு அவரை முன்னால் வரவழைத்தேன். வந்ததும் தலைக்கு மேல் தூக்கி அடித்துப் பின்னால் ஓட விட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஓடினார். விட்டுத்தொலையேன் என்று மனத்துக்குள் கெஞ்சினேன். ஆனால் அடுத்த பந்தையும் அதே இடத்தில்தான் போட்டேன்.

கடைசிப் பந்து அவரைக் கடந்தபோது மட்டையைத் தூக்கவே இல்லை. கைகுலுக்க வலைக்கு வந்தார். கை சில்லென்று நனைந்திருந்தது. நான் யார் என்பதுபோல் பார்த்தார். முழங்கால் மடிந்து விழுந்தார். ஓடிப்போய் மிட்டாயை எடுத்து வந்தேன். பற்கள் கிட்டித்திருந்தன.

காரில் அவர் தலையை என் மடியில் வைத்து ஊருக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குளுக்கோஸ் ஏற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க பக்கத்துல இருந்ததால பொழச்சாருண்ணே என்று அழுதார். நான் மறுக்கவில்லை.

எட்டு நாள் தூக்கமில்லாமல் கழித்துவிட்டு, செல்லூரில் அவர் வீட்டுக்குப் போனேன். சந்து முழுக்கத் தறிச் சத்தம். துண்டு போட்டது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாத்தேன்" என்றார். "கேட்டா குடுத்துருப்ப. அது தெரியும். நாந்தான் கேக்கல. ஒரு செட்ட எடுத்துப்புட்டு, மிட்டாய் குடுன்னு நின்னா, சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேல்ல?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மனைவி காபி கொண்டுவந்ததும் பேச்சு வேறு பக்கம் போனது.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று அவர் நம்புகிறார். நாலுக்கு மூன்று என்று முன்னால் இருந்த அந்த நாற்காலியில் என்னை மறுபடி மறுபடி உட்கார வைத்துப் பார்க்கிறேன். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.