அவர் மட்டையை எறியவில்லை

கணவர் இறந்து சில வாரங்களிலேயே நான் புது வேலை தேடத் தொடங்கினேன். துயரத்தை மறக்கத்தான் இப்படிச் செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். மறப்பதற்கு என்னிடம் துயரம் என்று எதுவும் இருக்கவில்லை. உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது, வந்தவர்களின் ஈரக் கோட்டுகளை எங்கே தொங்கவிடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூடும் நேரம் கணவரின் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அழும், அழுதால்தான் ஆறும்" என்றார். நான் முயன்றுகூடப் பார்த்தேன். வரவில்லை.

அதுவரை ரொறன்ரோவுக்கு மேற்கே மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை. நாங்கள் இருப்பது நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில். கணவர் இருந்தவரை அந்தத் தூரம் தூரமாகத் தெரியவில்லை. இப்போது நெடுஞ்சாலையில் ஏறினால், எந்த வழியால் வந்தேன் என்பதே நினைவில்லாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தேன். அது எனக்கே பயமாக இருந்தது. வீட்டுக்குப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் ஒரு டென்னிஸ் கழகத்தில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேடினார்கள். டென்னிஸ் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். பரவாயில்லை என்றார்கள்.

வேலை இலகுவானது. தொலைபேசி எடுப்பது, கோர்ட் பதிவு செய்வது, பந்தும் கைப்பிடியில் சுற்றும் நாடாவும் விற்பது. குளிர்காலத்தில் கோர்ட்டுகளுக்கு மேலே காற்றடித்த ஒரு பெரிய வெள்ளைக் கூடாரம் நிற்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பந்து அடிபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை.

அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஆர்ஜென்டினாக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர், நெட்டையான மனிதர். நடைபாதைச் சுவரில் அவருடைய பழைய படம் ஒன்று தொங்கியது: நீண்ட தலைமுடி, நெற்றிப் பட்டி, முழங்கால் வரை செங்கல் நிறத் தூசி. உலகத்தின் முதல் நூறு பேருக்குள் பல வருடங்கள் இருந்தவர் என்றும், பாரிஸில் ஒரு பெரிய ஆட்டக்காரரை ஐந்து செட் விளையாடி வென்றவர் என்றும் கழகத்துக்கு வருபவர்கள் எனக்குச் சொன்னார்கள். அதோடு இன்னொன்றையும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். இதே ரொறன்ரோவில், வெல்ல வேண்டிய ஆட்டத்தில், கோபத்தில் மட்டையை எறிந்து உடைத்தாராம். அதோடு அவருடைய விளையாட்டு வாழ்க்கையே முடிந்துபோனதாம். அந்தக் காட்சி இணையத்தில் இருந்தது. ஒருநாள் மேசைக்கு முன்னாலேயே ஒருவர் அதை அவருக்குப் போட்டுக் காட்டினார். அவர் முடியும்வரை பார்த்துவிட்டு, "ஓம், அது நான்தான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். இரண்டு பேருடைய ஆங்கிலமும் வேறெங்கோ இருந்து வந்தது. அவர் பேசியது என் மனதில் எங்கள் தமிழாகவே தங்கியிருப்பதால் அப்படியே எழுதுகிறேன்.

மதிய இடைவேளையில் ஊழியர் அறையில் அவர் தன் நாட்டுப் பானத்தைக் குடிப்பார். ஒரு சின்னக் குடுவை நிறைய இலைத்தூள், அதில் சுடுநீர், உறிஞ்ச ஓர் உலோகக் குழாய். எனக்கும் தந்தார். வேப்பம்பட்டை அவித்த தண்ணீர் போலிருந்தது. அவர் குடுவையை எப்போதும் இரண்டு கைகளாலும் பிடிப்பதைக் கவனித்தேன். மாணவர்களுக்குப் பந்து போடுவது இடது கையால். சுவரிலிருந்த படத்தில் மட்டை வலது கையில் இருந்தது.

ஒருநாள் வீட்டுக்குப் புறப்படும்போது அவர் கோட்டின் பொத்தானைப் பூட்ட நெடுநேரம் போராடிக்கொண்டிருந்தார். விரல்கள் பொத்தானைத் தொட்டன. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது புதிதல்ல. புற்றுநோய் மருந்து ஏற்றியபின் என் கணவரின் விரல்களும் அப்படித்தான் ஆகின. கடைசி மாதங்களில் அவருக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிட்டது நான். யோசிக்காமல் எழுந்து போய் அந்த மனிதரின் கோட்டைப் பூட்டிவிட்டேன். பிறகுதான் கேட்டேன்.

"உங்கட கை விறைக்குதோ?"

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, "இவ்வளவு காலத்தில ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

அதன்பின் வந்த மதியங்களில் அவர் தன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

தகப்பன் ரயிலில் சிக்னல் வேலை. ரயில் தொழிலாளர்களுக்கென்று ஊரில் ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது. அதன் செங்கல் தூள் கோர்ட்டில்தான் பழகினார். பதினான்கு வயதில் தலைநகருக்குப் போய் ஒரு பயிற்சியாளர் வீட்டில் தங்கினார். அங்கே வந்து சேர்ந்த இன்னொரு பையனும் அவரும் ஒரே அறை. பதினெட்டில் இருவரும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். சின்னச் சின்ன ஊர்களில் போட்டி, ரயிலில் தூக்கம், மலிவான விடுதிகள். கட்டில் ஒன்றுதான் இருந்தால் மறுநாள் ஆட்டம் உள்ளவருக்குக் கட்டில், மற்றவருக்குத் தரை. ஒருவர் தலைமுடியை மற்றவர் வெட்டிவிட்டார். இரட்டையர் ஆட்டத்தில் அவர்கள் ஜோடி.

பாரிஸில் வென்ற நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். காலுறையைக் கழற்றியபோது கொட்டிய செந்தூசிதான் நினைவில் இருக்கிறது என்றார். வீட்டில் தொலைபேசி இல்லாததால் பக்கத்துக் கடைக்கு அழைத்தாராம். அம்மா தேவாலயத்தில் பூசைக்குப் போயிருந்தாராம்.

சில வருடங்களில் வலது கையின் சின்ன விரலும் அடுத்த விரலும் மரத்துப்போகத் தொடங்கின. முழங்கை நரம்பில் கோளாறு. முதலில் ஆட்டம் முடிந்த பிறகு மட்டும். பிறகு ஆட்டத்தின் நடுவிலும். யாருக்கும் சொல்லவில்லை. ரொறன்ரோவில் அந்த ஆட்டத்தை வெல்ல, அவர் பந்தைப் போட்டுத் தொடங்கும் ஒரேயொரு கேம்தான் பாக்கி. பந்தை மேலே போட்டு மட்டையை வீசினார். கையில் மட்டை இருக்கவில்லை. அது சுழன்று போய்ப் பக்கச் சுவரில் அடித்து உடைந்தது. நடுவர் எச்சரிக்கை கொடுத்தார். சனம் கூச்சலிட்டது. அவர் வேறொரு மட்டையை எடுத்து வந்து, அந்த கேமையும் மீதி ஆட்டத்தையும் தோற்றார்.

மறுநாள் இரட்டையர் அரையிறுதி. காலையில் அவரால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. விளையாட வரவில்லை என்று தன் ஜோடியான அந்த நண்பனிடம் சொன்னார்; காரணம் சொல்லவில்லை. தோல்வியைத் தாங்காத கோழை என்று நண்பன் ஏசிவிட்டு, தனியாக விமான நிலையத்துக்குப் போய்விட்டார். அதோடு இருவருக்கும் பேச்சு இல்லை.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"கோவக்காரன் எண்டு சொன்னால் பரவாயில்லை எண்டு நினைச்சன். ஏலாதவன் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

இங்கேயே சத்திரசிகிச்சை செய்தார்கள். பிந்திவிட்டது. கையைச் சோதித்த பெண்ணையே பிறகு மணந்தார். சில வருடங்களில் பிரிந்தார்கள். இதையெல்லாம் அவர் பேருந்து வழித்தடம் சொல்வதுபோல் சொன்னார். நானும் அப்படியே கேட்டேன். பதிலுக்கு என் கணவரைப் பற்றிச் சொன்னேன். அழவில்லை என்பதையும் சொன்னேன். அவர் குடுவையில் சுடுநீர் ஊற்றி என் பக்கம் தள்ளினார்.

கோடை வந்தது. நகரத்தில் பெரிய போட்டி நடக்கும் வாரம். வெளிநாட்டு உச்சரிப்பில் ஒருவர் கழகத்துக்கு அழைத்து, பயிற்சியாளர் இன்று இருக்கிறாரா என்று கேட்டார். அந்த உச்சரிப்பு எனக்குத் தெரிந்த உச்சரிப்பு. இருக்கிறார் என்றேன். தான் ஒரு வீராங்கனையின் பயிற்சியாளராக வந்திருப்பதாகவும், பழைய நண்பன் என்றும் சொன்னார். நான் போய் விஷயத்தைச் சொன்னபோது இவருடைய முகம் மாறவில்லை. தான் இல்லையென்று சொல்லச் சொன்னார். அதற்குள் அழைத்தவர் வருகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வந்தவர் குள்ளமானவர், தலையில் முடியே இல்லை. இருவரும் என் மேசைக்கு முன்னால் கைகொடுத்துக்கொண்டார்கள். வந்தவர் அந்தக் கையை உடனே விடவில்லை. ஏதோ யோசித்ததுபோல் கீழே பார்த்தார். பிறகு ஸ்பானிய மொழியில் இரண்டு சொல் பேசி, கோர்ட் பக்கம் தலையை அசைத்தார். இருவரும் போனார்கள்.

அது ஆட்கள் குறைவான பிற்பகல். கூடாரத்தைக் கழற்றியிருந்ததால் வெயில் நேரே தரையில் விழுந்தது. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மெதுவாக அடித்தார்கள். இவர் இடது கையால் அடித்தார். வந்தவர் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இவருடைய வலது கையைக் காட்டினார். இவர் மட்டையை மாற்றிப் பிடித்தார். அடுத்த பந்து நல்ல வேகத்தில் வந்தது. இவர் வீசினார், மட்டை கையைவிட்டுப் போய் வலைக்குக் கீழே விழுந்தது.

வந்தவர் ஏதோ கேட்டார். இவர் ஒரே சொல்லில் பதில் சொன்னார். வந்தவர் போய் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை வியர்வை துடைக்கும் துவாயால் மூடிக்கொண்டார். என்ன கேட்டார் என்று பிறகு இவரிடம் கேட்டேன். "அண்டைக்கும் இப்பிடித்தானோ எண்டு கேட்டான். ஓம் எண்டனான்" என்றார்.

சற்று நேரத்தில் வந்தவர் உள்ளே வந்து என்னிடம் நாடா கேட்டார். கைப்பிடியில் சுற்றும் நாடாவைக் கொடுத்தேன். வேண்டாமென்று, காயத்துக்குச் சுற்றும் வெள்ளை நாடாவைக் காட்டினார். அதை எடுத்துக்கொண்டு போய் நண்பனுக்கு முன்னால் முழங்காலில் நின்று, அவருடைய வலது கையை மட்டையோடு சேர்த்துச் சுற்றினார். மணிக்கட்டு வரை சுற்றினார். பல்லால் நாடாவைக் கடித்து அறுத்தார். பிறகு இருவரும் விளையாடினார்கள். எனக்கு ஆட்டம் விளங்காது. ஆனால் அதுவரை அந்தக் கழகத்தில் கேட்காத ஒரு சத்தம் அவருடைய மட்டையிலிருந்து வந்தது. பக்கத்துக் கோர்ட்டில் நின்ற இரண்டு பேர் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

போகும்போது வந்தவர் என் மேசையில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"இவ்வளவு காலமும் அவனை ஏசிக்கொண்டே இருந்தனான். ஏன் எண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாம்" என்றார்.

நான் தலையசைத்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை. இப்படியொரு காட்சியைப் பார்த்தும் அசையாத நெஞ்சு என்ன நெஞ்சு என்றுதான் நினைத்தேன்.

அன்று மாலை மகளை ஏற்றப் பிக்கரிங் ரயில் நிலையத்துக்குப் போனேன். அவள் டவுன்டவுனில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தகப்பன் போனபின் அவளும் நானும் சாப்பாடு, பயணம், தவணைப் பரீட்சை தவிர வேறெதுவும் பேசியதில்லை. அவள் ஏறிப் பெல்ட் போட்டதும், ஏன் என்று தெரியாமல் சொன்னேன்.

"அப்பா போனதில இருந்து எனக்குள்ள ஒண்டும் தெரியேல்லை, பிள்ளை. கவலைகூட இல்லை."

அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

"எனக்கும் அம்மா. ஐ தோட் இட் வாஸ் ஜஸ்ட் மீ. நீங்கள் ஸ்ட்ரோங்கா இருக்கிறீங்கள் எண்டு நினைச்சன். எனக்குத்தான் ஏதோ பிழை எண்டு."

பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது. நான் காரை எடுத்தேன். வீட்டுக்குப் போகாமல் ஏரிப் பக்கம் போய் நிறுத்தினோம். அவள் தகப்பனைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் கேட்டாள், நான் சொன்னேன். இரண்டு பேரும் அழவில்லை. பசித்தபோது திரும்பினோம்.

பயிற்சியாளர் இன்னமும் அங்கே இடது கையால் பந்து போடுகிறார். நண்பன் வாரத்தில் ஒருமுறை அழைப்பாராம். பெரும்பாலும் சண்டைதான் என்கிறார். யாராவது அந்தப் பழைய காட்சியைப் பற்றிச் சிரித்தால், இப்போது நின்று, கையைக் காட்டி, நடந்ததைச் சொல்கிறார். கேட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள். நான் அடுத்த தொலைபேசி அழைப்பை எடுக்கிறேன்.