ரெட்டெண்ணெய்

எங்கள் ஊரில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால், அது ரேஷன் கார்டில் ஏறாததுதான் பாக்கி. என் அப்பாவுக்கு விழுந்த பெயர் ரெட்டெண்ணெய். முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, மொபெட் பழுது பார்க்கும் கடை எங்கே என்று கேட்டால், "ரெட்டெண்ணெ அண்ணாச்சி கடையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அந்தப் பெயர் விழுந்தபோது நான் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அதே நேரத்தில் ஊரே என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த நாள் மொபெட்டுகளுக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். எண்ணெய்க்கென்று இஞ்சினில் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போய், தேய்கிற இடங்களை எல்லாம் நனைத்துவிட்டு, அதோடு சேர்ந்து எரிந்து புகையாகிவிடும். அளவு குறைந்தால் இஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினாலோ குபுகுபுவென்று புகை வரும், பிளக் நனைந்து கரியேறி, வண்டி நடுரோட்டில் படுத்துவிடும்.

இந்த அளவு விஷயத்தில் அப்பா ஒரு கொடுங்கோலர். பங்க்கில் கைப்பம்பால் அடித்துவிடும் எண்ணெயை அவர் நம்பமாட்டார். டிரம்மிலிருந்து சில்லறையாக விற்கும் எண்ணெயைக் கடை வாசலிலேயே சேர்க்கமாட்டார். வாய் ஒட்டிய சின்னப் பாக்கெட்டுகள் சரமாக வரும். அதுதான் அவருக்கு எண்ணெய். "ரெண்டு சொட்டு கூட விட்டா இஞ்சினுக்கு நல்லதுதானே அண்ணாச்சி" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "ஒம்ம வயித்துல ஒரு படி நல்லெண்ணெ ஊத்துனா ஒமக்கு நல்லதா வே?" என்று பிடித்துக்கொள்வார். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடினால்கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறவர், கடையில் ஒரு மூடி எண்ணெய்க்கு அப்படிக் கத்துவார். ஊரில் அவருக்கு இருந்த மரியாதை முழுக்க அந்தக் கத்தலில்தான் இருந்தது.

எனக்குப் பத்து வயது. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அத்தை வீட்டில், அத்தை மகளான மதினிக்குச் சடங்கு என்று அம்மா கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு முன்னதாகவே போயிருந்தாள். எனக்குப் பரீட்சை இருந்ததால் அப்பாவோடு இருந்துவிட்டேன். மலையில் பிடித்த மழை விடவில்லை. இரண்டாம் நாள் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது. மூன்றாம் நாள் காலையில் அக்கரை வாழைத்தோட்டங்களில் இலைநுனி மட்டும் தெரிந்தது. அத்தை வீடு மாடி வீடு. அந்தத் தெருவே அந்த மாடியில் ஏறி நிற்பதாகவும், குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டதாகவும் போனில் சொன்னார்கள். அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை.

கடற்கரையிலிருந்து ஒரு ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பின்னால் மாட்டுகிற மோட்டாரும் அதனோடு வந்தது. படகுக்காரர், நரைத்த மீசையும் வெயிலில் வெளுத்த பனியனுமாக, நேரே எங்கள் கடைக்குத்தான் வந்தார். முந்தின நாள் முழுக்கக் கீழ் ஊர்களில் ஓடியதில் அவர் கொண்டுவந்த பெட்ரோலும் எண்ணெயும் தீர்ந்துவிட்டிருந்தன. பங்க்கோ தண்ணீரில் நின்றது.

அப்பா ஆணியில் தொங்கிய சரத்தைக் காட்டினார். பத்துப் பாக்கெட் இருந்தது. படகுக்காரர் ஒன்றைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது காத்துல ஆறுத இஞ்சினுக்குள்ள எண்ணெ அண்ணாச்சி. எங்க மோட்டாரு தண்ணியில ஆறுதது. அதுக்கு வேற எண்ணெல்லா?"

"தெரியும் வே. மாசக்கணக்குல ஊத்துனாத்தான் கரி கட்டும். இன்னைக்கு ஒரு நா ஓட்டத்துக்கு இது தாங்கும். லிட்டருக்கு எவ்வளவு குடிக்கும் ஒம்ம மோட்டாரு?"

"பழைய மோட்டாரு. லிட்டருக்கு ஒரு பாக்கெட்டு வேணும்."

மொபெட்டுக்கு ஊற்றுவதைப் போல இரண்டு மடங்கு அது. அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, மோட்டாரை அறிந்தவன் சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். கடையில் ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் எண்ணெய் கலக்காத பெட்ரோல் இருந்தது. "கலந்து ரெடியா வச்சிட்டா வந்ததும் தூக்கிட்டு ஓடிரலாம்," என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் லாரியிலிருந்து படகை இறக்க ஆள் போதவில்லை என்று கூப்பாடு கேட்கவே, இரண்டு பேரும் ஓடினார்கள்.

நான் மட்டும் கடையில் நின்றேன். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் முதல் மதிப்பெண் என்னுடையதுதான். ஐந்து லிட்டருக்கு ஐந்து பாக்கெட் என்பதெல்லாம் எனக்கு ஒரு கணக்கா? அம்மா அக்கரையில் மாடியில் நிற்கிறாள். நான் இக்கரையில் சும்மா நிற்கிறேன். அது பொறுக்கவில்லை. ஐந்து பாக்கெட்டைக் கிழித்து, பல்லால் கடித்து, ஒவ்வொன்றாகக் கேனுக்குள் பிழிந்தேன். நீல எண்ணெய். விரல்களில் வழிந்ததைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். மூடியை இறுக்கி, அப்பா செய்வதைப் போலவே கேனைச் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினேன். வெறும் பாக்கெட்டுகளைக் கழிவுப்பஞ்சு டப்பாவில் போட்டேன். அப்பா வந்து பார்த்ததும் என்ன சொல்வார் என்று நினைக்கவே மனசு குளிர்ந்தது. அதற்குள் அம்மாவைப் பற்றிச் சேதி வந்ததா என்று கேட்க, ஆட்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது கடையில் கேன் இல்லை. கலந்து வைத்ததை எடுத்துப் போய்விட்டார்கள் என்று பெருமையாக இருந்தது. ஆணியில் சரமும் இல்லை. அதை நான் கவனித்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பாலத்து முகப்பில் ஊரே கூடியிருந்தது. படகில் படகுக்காரரும் அவருடைய ஆள் ஒருவரும் அப்பாவும் இருந்தார்கள். கயிற்றை நாலைந்து தரம் இழுத்த பிறகு மோட்டார் உறுமியது. பின்னாலேயே வெள்ளையாகப் புகை. கொஞ்சம் போகப்போகப் புகைக்குள் படகே தெரியவில்லை. ஆற்றின் நடுப்பகுதியில் உறுமல் இருமலாகி, நின்றுபோனது.

சத்தம் நின்ற அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பி, செம்மண் தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் போயிற்று. கரையில் பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். படகுக்காரர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். அப்பா கழியை எடுத்து ஊன்றப் பார்த்தார். கழிக்கு அடி தட்டவில்லை. கடைசியில் படகு ஒரு தென்னந்தோப்புக்குள் போய் மரத்தில் மோதி நின்றது. படகுக்காரர் மரத்தைக் கட்டிப் பிடித்தார். இடுப்பில் கயிறு கட்டி இளவட்டங்கள் நீந்திப் போய், படகை இக்கரைக்கு இழுத்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

படகுக்காரருக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. கரையேறியதும் பிளக்கைக் கழற்றி அப்பாவின் மூஞ்சிக்கு நேரே நீட்டினார். எண்ணெய் சொட்டியது.

"என்னத்த வே கலந்தீரு? கடல்ல இப்பிடி நின்னா என் சவங்கூடக் கெடைக்காது. எத்தன பாக்கெட்டு ஊத்துனீரு?"

"அஞ்சு," என்றார் அப்பா.

"அஞ்சு பாக்கெட்டுக்கு இப்பிடிப் பொகையுமா? என் பொழப்பே இந்த மோட்டாருதான் வே, எனக்குத் தெரியாதா? பாக்கெட்டுல ஏதோ கலப்படம். இத வித்துத்தான் பெரிய மெக்கானிக்குன்னு பேரு வாங்குனீராக்கும்."

கூட்டம் அப்பாவைப் பார்த்தது. அப்பா கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தார். கையில் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தார். பிறகு தலையைத் தூக்கி யாரையோ தேடுவதைப் போலப் பார்த்தார். கூட்டத்தின் முன்வரிசையில் நான்தான் நின்றேன். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார். கேனைக் கீழே வைத்தார்.

"எண்ணெயில குத்தமில்ல வே. நான்தான் நெனப்பில்லாம ரெண்டு தரம் ஊத்திட்டேன்."

 கூட்டத்தில் ஒரு கிழவர் சிரித்தார். "ஊருக்கெல்லாம் மூடி எண்ணெய்க்குப் பாடம் எடுப்பீரே, ரெட்டெண்ணெயா ஊத்திட்டீரு?" என்றார். அவ்வளவுதான், பெயர் பிறந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா அங்கே நிற்கிறாள், இவர் இப்படிச் செய்துவிட்டாரே என்று ஆத்திரமாக இருந்தது. என்னுடைய ஐந்து பாக்கெட் மனதின் ஒரு மூலையில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அப்பாவே தன் வாயால் இரண்டு தரம் என்று சொல்லிவிட்டார். அளவில் அப்பா பொய் சொல்லமாட்டார். ஆகவே தப்பு அவருடையதுதான்.

"எண்ணெ வேற இல்லியே," என்று படகுக்காரர் தலையில் கை வைத்தார். "இதக் கொட்டிட்டு என்னத்த ஊத்த?"

"கொட்ட வேண்டாம்," என்றேன் நான். எல்லோரும் திரும்பினார்கள். "பத்துப் பாக்கெட் இருக்குல்லா? இன்னும் அஞ்சு லிட்டர் வெறும் பெட்ரோல் ஊத்துனா பத்து லிட்டருக்குப் பத்துப் பாக்கெட். கணக்கு சரியாயிரும்."

படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பனுக்கு இல்லாத மூள மவளுக்கு இருக்கு வே!" கூட்டமும் சேர்ந்து சிரித்தது. அப்பாவும் சிரித்தார். தெருவில் நின்ற பெரிய பைக்குகளில், எண்ணெய் கலக்காமல் ஓடுகிறவற்றில், குழாய் விட்டு ஐந்து லிட்டர் எடுத்தார்கள். பிளக்கை அப்பாவே பெட்ரோலில் கழுவி, தேய்த்து, காயவைத்து மாட்டினார். இந்தத் தடவை புகை இல்லை. சாயங்காலத்துக்குள் நாலு நடை போய்வந்தது படகு. முதல் நடையிலேயே அம்மா வந்தாள், தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

அந்த வாரம் முழுக்க என்னைக் கண்டவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஆனால் பள்ளிக்கூடம் திறந்ததும் பையன்கள் என்னை 'ரெட்டெண்ணெ மவ' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் அழுதுகொண்டே கடைக்கு வந்து அப்பாவிடம், "நீங்க ஒழுங்கா எண்ணியிருந்தா என்னை இப்பிடிக் கூப்பிடுவானுவளா?" என்று கத்தினேன். அப்பா கார்புரேட்டரில் குனிந்தபடியே, "தப்புத்தாம்மா," என்றார். அந்த 'தப்புத்தாம்மா'வைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதற்குப் பிறகு, எண்ணெய் அளவுக்காக அப்பா யாரிடமும் கத்தி நான் கேட்கவில்லை. கத்தினால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

நான் இப்போது பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். போன மாதம் ஏழாம் வகுப்புக்குக் கேள்வித்தாள் தயாரித்தேன். விகிதத்தில் ஒரு கணக்கு வேண்டும். சிரிப்பாக இருக்கட்டுமே என்று அந்த நாளையே எடுத்துக்கொண்டேன். ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஒரு சிறுமி ஐந்து பாக்கெட் எண்ணெய் கலக்கிறாள். அதை அறியாத அவளுடைய தந்தை இரண்டு முறை ஐந்தைந்து பாக்கெட் ஊற்றிவிடுகிறார். அளவு சரியாக இன்னும் எத்தனை லிட்டர் பெட்ரோல் வேண்டும்? விடை எழுதினேன். பத்து லிட்டர் என்று வந்தது. ஆனால் அன்று ஐந்துதானே ஊற்றினோம்? படகு புகையில்லாமல் ஓடியதே? எங்கே பிசகினேன் என்று மறுபடி போட்டேன். பதினைந்து பாக்கெட். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆணியில் தொங்கியதே பத்துத்தான்.

அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, வட்டியும் முதலுமாக வேறொன்றை எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ரெட்டெண்ணெ அண்ணாச்சி என்று கூப்பிட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கிறார்.

படகு வந்த அன்று சாயங்காலம், அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தபடி அசந்து படுத்திருந்தாள். கைக்குட்டையைக்கூடத் துவைத்து அறியாத அப்பா, என்னை வேறு பாவாடை உடுத்திவரச் சொன்னார். கழற்றிய பாவாடையை மண்ணெண்ணெயில் நனைத்து, சோப்புப் போட்டுக் கல்லில் கசக்கினார். பிறகு என் கையைப் பிடித்து, விரல் விரலாக, நகக்கண்ணில் இருந்த நீலம் போகும்வரை தேய்த்தார். அம்மா கண்ணைத் திறந்து, "என்ன இது, அதிசயமா இருக்கு?" என்றாள்.

"வெள்ளச் சேறு," என்றார் அப்பா. "காஞ்சா போவாது."

அவர் கண்ணில் நீலம் படவில்லை என்றுதான் நினைத்தேன். நானும் அவசர அவசரமாக, "ஆமாம்மா, சேறுதான்," என்றேன். அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்ட நிம்மதியில் அன்று சீக்கிரமே தூங்கிப்போனேன்.