அம்மாவின் சிவப்பு ரேந்தை

சீனித்தண்ணீரில் தோய்த்து விறைக்கவைத்த நூலுக்கு ஒரு வாசனை உண்டு. எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலேயர் நாட்டுக்கு வந்து நாங்கள் குடியேறிய மனோர் பார்க்கில் எங்கள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தாலே அது தெருவரைக்கும் வரும். அங்கே இருந்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த இலோனா அன்ரி, லேஸ் வடிவமைப்பாளர். எங்கள் வீட்டில் லேஸை "ரேந்தை" என்போம்.

தன் நாட்டுக் கிராமத்துச் சட்டைகளில் பூக்கும் துலிப் பூவை எடுத்து, இதழ்களை அளவுகோல் வைத்த கோடுகளாகவும் முக்கோணங்களாகவும் மாற்றி, சிவப்பு நூலில் பின்னுவார். லேஸ் வெள்ளையாக இருக்கவேண்டும், பூ பூவாக இருக்கவேண்டும் என்று ஒரு கடைக்காரர் அவர் வரைந்து கொடுத்த படத்தைத் திருப்பி அனுப்ப, அன்ரி ஒரு கோடும் மாற்றாமல் அதையே மூன்று தடவை அனுப்பினார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அக்காவின் கலியாணத்துக்கு, மணப்பெண்ணின் தாய்தானே என்று, அம்மாவின் சேலைச் சட்டைக் கைக்கு அந்தச் சிவப்பு ரேந்தையையே பின்னிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து அப்பா செத்த நாளிலிருந்து அம்மா சிவப்பைத் தொட்டதில்லை என்பதும், கலியாணத்தில் பின்வரிசையில்தான் இருப்பார் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"வெள்ளைதான் வேண்டுமென்று எனக்கும் சொன்னார்கள்" என்றார் அவர். ரேந்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, கதிரையில் இருந்தபடியே ரேந்தையைக் காட்டிச் சொன்னார்: "தங்கச்சி, உதை உள்ளுக்கு வை. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும் அண்ணை. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை நான் ஒளிச்சிருக்க ஏலாது."

கலியாணத்தன்று சிவப்பு ரேந்தை வைத்த கையால் அம்மாதான் முதலில் அறுகரிசி போட்டு அக்காவை வாழ்த்தினார். மண்டபம் முணுமுணுத்தது, மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். பிறகு சாகும்வரை அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அதற்காக அழுதார், ஆனால் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்று அன்ரியும் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் பக்கத்து ஊரான செவன் கிங்ஸில் ஒரு கலியாணம். கணவனை இழந்த தாய் ஒருவர் மஞ்சள் பட்டுடுத்தி மகளோடு மணவறையில் நின்றார், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இப்ப காலம் மாறிப்போச்சு" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலம் தானா மாறேல்லை அண்ணை," என்றேன். "என்ரை அம்மா முன்னுக்கு வந்து நிண்டவ."