நெல் கணக்குப் பாட்டு

அந்தக் கல்யாண வீட்டில் நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்றுதானே கேட்கிறீர்கள், அக்கா? பொண்ணும் மாப்பிள்ளையும் வரும்போது அந்தப் பழைய பாட்டைப் போட்டார்களே, ‘பத்தாது, இன்னும் பத்தாது’ என்று பாடுகிறவள் இழுப்பாளே, அதற்குத்தான். எல்லோருக்கும் அது முத்தக் கணக்கு. எனக்கு மட்டும் நெல் கணக்கு.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சினிமாக் கொட்டகை ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது. சாயங்காலமானால் ஸ்பீக்கர் குழாயில் பாட்டு வைப்பார்கள். விளைந்த வயல்மேல் காற்று புரண்டு வரும். பாட்டில் பாதி தண்ணீரில் விழுந்துவிடும். எங்களிடம் வந்து சேருவது அந்த ஒரு சொல்தான். அந்த வருஷம், கூலி நெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்புக்கு இறங்குவோம் என்று எங்கள் தெருவே உட்கார்ந்திருந்தது. குழாயில் அவள் ‘பத்தாது’ என்றால், இங்கே பெண்கள், கூலி அளக்கிற மரக்காலைச் சொல்லி, ‘மரக்கால் பத்தாது’ என்று சேர்த்துப் பாடுவார்கள். பாட்டை அம்மாதான் கட்டினாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்தி மட்டும் பாடவில்லை. கைக்குழந்தைக்காரி. பழைய கூலிக்கே வருவதாகப் பண்ணைக் காரியக்காரரிடம் சொல்லிவிட்டாள். அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கோ சித்தி மடியில் படுத்தால்தான் தூக்கம் வரும். அழுது அடம்பிடித்து இரண்டு பேரையும் படத்துக்கு இழுத்துப்போனேன். தரை டிக்கெட். குளிர்ந்த மணலில் அம்மா அந்தப் பக்கம், சித்தி இந்தப் பக்கம், நடுவில் நான். தலைக்கு மேலே வெளிச்சத்தில் தூசி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

திரையில் ஒருத்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எங்கள் பாட்டைப் பாடினாள்!

“அம்மா, நம்ம பாட்ட அந்தம்மா எடுத்துக்கிச்சு!”

“அவளுக்கும் கூலி பத்தலயாம்டி” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. மணலெல்லாம் சிரிப்பு. அடுத்த ‘பத்தாது’வைத் தரை டிக்கெட்டே பாடியது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த காரியக்காரர் எழுந்து டார்ச் அடித்தார். “எவடி அவ? நாளைக்கி வேல கேட்டு வருவீங்கல்ல, பாத்துக்கிறேன்!”

வெளிச்சம் ஒவ்வொரு முகமாக வர வர, ஒவ்வொரு வாயாக மூடியது. நான் மட்டும் விடவில்லை. வெளிச்சம் என் முகத்தில் வந்து நின்றது.

சித்தி என்னைச் சட்டென்று இழுத்து முந்தானையால் மூடினாள். அந்த இருட்டுக்குள் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. பிறகு அவள் குரலும் கேட்டது.

“பத்தாதுங்க ஐயா, பத்தாது.”

மரியாதை குறையாமல்தான் பாடினாள். பக்கத்திலிருந்து அம்மா குரல் சேர்ந்தது. அப்புறம் கொட்டகையே சேர்ந்தது.

நான் முந்தானைக்குள் காலை உதைத்து அழுதேன். அந்தப் பட்டுப்புடவைக்காரியின் ஆட்டத்தைப் பார்க்கவிடாமல் சித்தி கெடுத்துவிட்டாளே! போதாததற்கு, சித்தியின் தோளைச் சுற்றி வந்த அம்மாவின் கையும் என்னை அமுக்கியது. இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள் என்று ஒரே கோபம் எனக்கு.

இருங்கள் அக்கா, காயப்போட்ட நெல்லில் ஆடு வாய் வைக்கிறது. ஏய், ச்சூ!