அம்மா சூப்பர்வைசர் ஆன கதை

அம்மா சூப்பர்வைசர் ஆகிவிட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அம்மாவுக்கே அது தெரியாது.

அப்போது சேரப்பணஞ்சேரியில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தாள். போகவே கூடாது என்ற அப்பாவோடு சண்டை போட்டுச் சேர்ந்த வேலை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். விடிவதற்கு முன்பே வண்டி எடுத்தால் இருட்டிய பிறகுதான் வருவார்.

ஒருநாள் தமிழ் மிஸ் ஏதோ ஒரு கதையிலிருந்து ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார். கல்யாண வீட்டில் ஒருவர் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போட்டோவுக்குக் கூப்பிட்டால் பின்வரிசையில் போய் நின்றுகொள்கிறார். அவ்வளவுதான்.

"இவர் எப்படிப்பட்டவர்?"

செருப்பு பிய்ந்துபோயிருக்கும் என்றான் ஒருவன். இருந்தாலும் ரோஷக்காரர் என்றாள் இன்னொருத்தி. பத்தியில் செருப்பு என்ற சொல்லே இல்லை. எழுதாததைக்கூடப் படிக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அடுத்து, வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி அதேபோலச் சொல்லச் சொன்னார் மிஸ்.

நான் அம்மாவைச் சொன்னேன். கம்பெனித் தொப்பியின் எலாஸ்டிக் பதிந்து அம்மாவின் நெற்றியில் எப்போதும் ஒரு கோடு இருக்கும், கொஞ்ச நாளாக அதைக் காணோம். கேன்டீனில் சாப்பிட்டவள் இப்போது வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போகிறாள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதில்லை, நான் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் கிளம்புகிறாள்.

யாருக்கும் விடை தெரியவில்லை. "எங்கம்மா சூப்பர்வைசர் ஆயிட்டாங்க மிஸ்" என்று நானே சொன்னேன். வகுப்பு கைதட்டியது. மிஸ் தட்டவில்லை.

"அம்மாவா சொல்ற வரைக்கும் நீ கேக்காதம்மா" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அன்றிரவு ஆட்டோவை நிறுத்தியதும் அவரிடம் ஓடிப்போய், நெற்றிக் கோடு, சோற்று டப்பா, பஸ் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னேன்.

"இன்னா சொல்ற? இன்னொரு வாட்டி சொல்லு."

மறுபடியும் சொன்னேன். அவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் அப்பா சவாரிக்குப் போகவில்லை. சோற்று டப்பாவோடு வெளியே வந்த அம்மா அவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னிக்கு வண்டி எடுக்கலையா?"

"உன்னத்தான் இட்டுகினு போவப்போறேன். ஏறு. எந்தெந்த கம்பெனி கேட்டுல கேக்கணுமோ சொல்லு, எல்லாத்துக்கும் போவோம்."

அம்மாவுக்கு வேலை போய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. கான்ட்ராக்ட்டை முடித்துவிட்டார்கள். வீட்டில் சொன்னால் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார் அப்பா, அத்தோடு அடுப்படிதான் என்று பயந்திருக்கிறாள். வடக்குப்பட்டுப் பக்கமெல்லாம் நடந்து கம்பெனி கம்பெனியாக வேலை கேட்டிருக்கிறாள். மதியம் ஏதாவது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்பாவோடு போக ஆரம்பித்த இரண்டாவது வாரம் வேறொரு கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். அப்போதும் அசெம்பிளி லைனில் நிற்கிற வேலைதான்.

அன்று காலை அதெல்லாம் ஒன்றும் தெரியாமல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதைச் சொல்லாமலே அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்தார். அம்மா துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஏறினாள். தோள்கள் குலுங்கின.

ஆனந்தக் கண்ணீர் என்று உடனே கண்டுபிடித்துவிட்டேன். அது ஒன்றை மட்டும் பாதியாவது சரியாகப் படித்திருக்கிறேன்.