எண் இல்லாத போல்ட்

என் மேசையின் கீழ் இழுப்பறையில், பழைய ரப்பர் ஸ்டாம்புகளுக்கும் முனை ஒடிந்த காம்பஸுக்கும் நடுவில், ஒரு போல்ட்டின் தலை கிடக்கிறது. தலை மட்டும்தான். அறுகோணமாக, ஒரு புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. மேல்பக்கம் இன்னும் கண்ணாடி போலப் பளபளப்பு. முறிந்த பக்கம் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு. நல்ல போல்ட் என்றால் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் எண் பொறித்திருக்கும். இதில் எதுவும் கிடையாது. பேனா தேடும்போது இது விரலில் பட்டால் அன்றைய பொழுது எனக்குக் கெட்டுவிடும். என் மனைவி இரண்டு முறை இதைக் குப்பையில் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. ஒருத்தன் மேல் உள்ள கோபத்தை முப்பது வருஷம் கெடாமல் வைத்திருக்க ஏதாவது ஒரு சாமான் வேண்டும்தானே.

அந்த ஒருத்தன் என் சேக்காளி. பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. திருநெல்வேலி டவுணில் ரத வீதிக்குப் பின்னால் அவர்களுக்குப் பெரிய வீடு. ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் ஏக்கர் கணக்கில் வயல் இருந்த குடும்பம். வயல் எல்லாம் கைமாறிப் போன பிறகும் அந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. அவன் உர வியாபாரம் செய்தான். நான் பாலிடெக்னிக்கில் பட்டறை வாத்தியார். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் வாழ்ந்து முடிக்கிற குடும்பம். அவன் என்னைக் கேலி செய்வதும் நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வதும்தான் எங்கள் சிநேகம். அது சிநேகம் என்றுதான் நானும் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அரசு ஏலத்தில் வந்த ஒரு பழைய ஜீப்பை அவன் எடுத்தான். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அவனுக்கு அதில் போக வேண்டிய காடு எதுவும் இல்லை. உரக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்தே போகலாம். ஆனாலும் அந்த வண்டியை மலையேறுகிற வண்டியாக மாற்ற வேண்டும் என்று தலைகீழாக நின்றான். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையின் படம் ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். “ஏலே, இது மாதிரியே வேணும். நீதான் செய்யணும். ஒர்க் ஷாப்காரன் எவனையும் நம்ப முடியாது” என்றான். எனக்கு அது பெருமையாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் அவன் வீட்டு வண்டிக் கொட்டகையில் கிடந்தேன். ஆராதனைக்குப் போகாமல் நான் சட்டையில் கிரீஸோடு திரிவதைப் பற்றிப் பாஸ்டர் என் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். கனத்த சானல் இரும்பை வெட்டி முன்பம்பர் செய்தேன். கூரைமேல் நான்கு விளக்கு வைத்து வயர் இழுத்தேன். பெரிய டயர் உரசாமல் இருக்க மட்கார்டை வெட்டி மடித்தேன். எல்லாவற்றுக்கும் கடைசியாக வின்ச் வந்தது. தூத்துக்குடியில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அவனே பேரம் பேசித் தூக்கி வந்தது. ஓர் உருளையில் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும்; மோட்டார் அதை இழுத்துச் சுற்றும். சேற்றில் மாட்டிய வண்டியைக் கரையில் இருந்துகொண்டே இழுத்துப் போடலாம். மொத்த இழுப்பும் அதை வண்டியோடு பிணைக்கிற நான்கு போல்ட்டில்தான் நிற்கும். அதற்காக மதுரை வரை பஸ்ஸில் போய், தலையில் எண் பொறித்த கறுப்பு போல்ட் நான்கு வாங்கி வந்தேன். அவற்றை மாட்டிய அன்று அவனிடமும் அவன் டிரைவரிடமும், “வேறு எதைத் தொட்டாலும் இதைத் தொடாதீர்கள்” என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

டிரைவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆழ்வார்குறிச்சிக்காரர். லாரி ஓட்டி வடநாடு முழுக்கச் சுற்றியவர், இரண்டு பெண்குழந்தைகளுக்காக ஊர்ப்பக்கம் வேலை தேடி வந்திருந்தார். அந்தக் கொட்டகையில் என்னை ‘சார்’ என்று கூப்பிட்ட ஒரே ஆள். நான் ஒரு நட்டை முடுக்கி முடித்ததும், தானும் ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, “சார் மாட்டுனா பிறகு ஆனை வந்தாலும் பிடுங்காது” என்பார்.

ஆயுத பூசை வந்தது. வண்டிக்கு முதல் பூசை என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தான். காலையில் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். ஜீப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் பலகை போட்டு, வீட்டில் இருந்த ஸ்பேனர், திருப்புளி, ஜாக்கி, அரிவாள்மனை வரைக்கும் அடுக்கிச் சந்தனம் தெளித்திருந்தது. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுக்கவேண்டும். நான் சும்மா வின்ச் பக்கம் குனிந்தேன். நான்கு போல்ட்டும் வெள்ளி மாதிரி மின்னின. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குங்குமப் பொட்டு. ஒரு பொட்டைப் பெருவிரலால் துடைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. எண் இல்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் போடுகிற, முலாம் பூசிய, பலமில்லாத சரக்கு. பூசைக்குக் கறுப்பு ஆகாது என்று அவன் வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முந்தின நாள், அண்ணாச்சி ஊருக்குப் போயிருந்தபோது, கடைக்குப் போய் அவனே மாற்றிவிட்டான் என்று பின்னால் தெரிந்தது. டயரும் கறுப்புதான். அதற்கு முலாம் பூச வழியில்லாமல் விட்டிருப்பார்கள்.

என் ஸ்கூட்டர் பெட்டியில் என்னுடைய ஸ்பேனர்கள் இருந்தன. அவை எந்தப் பூசையிலும் இல்லை. கழற்றிய கறுப்பு போல்ட் நான்கும் கொட்டகை ஜன்னலில், கண்ணுக்கு எதிரே, ஒரு கொட்டாங்கச்சியில் கிடந்தன. கால்மணி நேர வேலை. சொல்லத்தான் நிமிர்ந்தேன். அதற்குள் அவன் நாலைந்து விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வண்டியைக் காட்ட வந்துவிட்டான். எல்லாம் வேட்டி மடிப்புக் கலையாத ஆட்கள். “இந்த டிசைன் எல்லாம் நம்ம ஐடியாதான். இவன் நம்ம பிட்டர். சொன்னதைச் சொன்னபடி செய்வான்” என்றான். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் நான். ஒரு நிமிஷத்தில் அவன் வீட்டுப் பிட்டர் ஆகிவிட்டேன். பிறகு அவர்களை உள்ளே இலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனான். திரும்பிப் பார்த்து, “ஏலே, உனக்கும் டிரைவருக்கும் இங்கனயே குடுத்துவிடச் சொல்லுதேன்” என்றான். பொரியும் சுண்டலும் தையல் இலையில் கொட்டகைக்கு வந்தன. அண்ணாச்சி அவர் பங்குத் தேங்காய்ச் சில்லையும் எனக்கே வைத்தார்.

அந்தச் சுண்டலை மென்றுகொண்டுதான் நான் முடிவு செய்தேன். சொல்லப் போவதில்லை. என்றைக்காவது நாலு பேர் பார்க்க அந்த வின்ச் பிய்ந்து விழட்டும், அவன் முகம் தொங்கட்டும், அப்போது என்னிடம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் காலைவரைக்குமாவது என் வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். அவன் மேல் எனக்கு இருந்த வெறுப்பு அன்றைக்குப் பிறந்தது இல்லை. அன்றைக்குத்தான் அதை அடையாளம் கண்டுகொண்டேன்.

மத்தியானம் போன் வந்தது. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கடனாநதியில் அவனுடைய உறவுக்காரரின் டிராக்டர், வாழைத்தார் பாரத்தோடு சகதியில் இறங்கிவிட்டது. மலையில் மழை, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளிகளில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டான். என்னையும் பின்சீட்டில் தள்ளினான். என் ஸ்கூட்டரும் அதில் இருந்த ஸ்பேனர்களும் டவுணிலேயே நின்றுவிட்டன. ஜீப்பின் சாமான் பை சந்தனப் பொட்டோடு பலகையில் இருந்தது.

ஆற்றங்கரையில் அண்ணாச்சி கயிற்றை இழுத்துக்கொண்டுபோய் டிராக்டரில் மாட்டினார். கயிறு உருளையில் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்க வின்ச்சுக்கு முன்னால் வந்து நின்றார். நான் என் சேக்காளி பக்கம் போனேன். “இன்னைக்கு வேண்டாம்லே, ஆள் விட்டுத் தாரை இறக்கிட்டு நாளைக்கு இழுத்துக்கிடலாம்” என்றேன். அவன் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். “என்னலே, உன் வேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?” என்றான். அவர்களும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். செய்ததெல்லாம், கயிறு அறுந்தால் வீசி அடிக்காமல் இருக்க ஒரு சாக்கை நனைத்து அதன் மேல் போட்டதும், “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று ஒரு தடவை சொன்னதும்தான். ஏன் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி, “சார் மாட்டுனதுதானே” என்று சிரித்துவிட்டு அங்கேயே நின்றார்.

அவன் சுவிட்சைப் போட, மோட்டார் உறுமியது. கயிறு விறைத்தது. டிராக்டர் ஒரு சாண் நகர்ந்ததும் எல்லாரும் கத்தினார்கள். அடுத்து டப் டப் என்று நான்கு சத்தம், ஒன்றின் மேல் ஒன்றாக. வின்ச் அப்படியே பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அண்ணாச்சி சகதியில் உட்கார்ந்திருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. அவரைத் தூக்கும்போது என் உள்ளங்கையில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்க்காமலேயே பையில் போட்டுக்கொண்டேன்.

காலை எடுக்காமல் ஆஸ்பத்திரியில் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மடக்க வராது. இடது கால் கிளட்ச்சை மிதிக்கிற கால். அண்ணாச்சி அதற்குப் பிறகு எந்த வண்டியும் ஓட்டவில்லை. செலவு முழுவதையும் பார்த்துக்கொண்ட என் சேக்காளி, ஊர் முழுக்க ஒரே பேச்சைத்தான் பேசினான்: “படிச்ச வாத்தியான்னு நம்பிக் குடுத்தேன், பிட்டிங் சரியில்லை.” பாலிடெக்னிக் வரைக்கும் அது வந்தது. ஸ்டாப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. பிள்ளைகள் எனக்குப் ‘பிடுங்கி’ என்று பட்டம் வைத்தார்கள். அவன் வீட்டுத் தெருவில் கால் வைப்பதை அன்றைக்கு நிறுத்தியதுதான்.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சார் மாட்டுனது எப்படி சார் பிடுங்கும்?” நான், “போல்ட்டை மாத்திட்டான் அண்ணாச்சி” என்றேன். “அது உங்களுக்கு எப்பம் தெரியும்?” என்றார். “பிறகுதான்” என்றேன். “பாவி” என்றார், அவனைத்தான். நானும் தலையை ஆட்டினேன்.

போன மாதம் அவன் என் வீட்டுக்கு வந்தான். பேத்தி கல்யாணப் பத்திரிகை. தலை முழுக்க வெளுத்து, கையில் ஒரு தடி. என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அவளிடம், “இவன் என் ஜீப்புல ஒரு வின்ச் மாட்டுனான் பாருங்க, அது ஒரு இழுப்புக்குத் தாங்கல” என்று சிரித்தான். முப்பது வருஷம் கழித்தும் அதே சிரிப்பு. நான் எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்து, போல்ட்டின் தலையை அவனுடைய பத்திரிகையின் மேலேயே வைத்தேன். “இதை மாட்டினது நானா? யார் மாத்தினா, சொல்லுலே” என்று கத்தினேன். என் மனைவி பயந்துபோய் அடுக்களை வாசலுக்குப் போய்விட்டாள்.

அவன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

“நான்தான் மாத்தினேன். எனக்கு என்னலே தெரியும் இரும்பைப் பத்தி? பளபளன்னு இருந்துச்சு, மாட்டுனேன்” என்றான். “நீ அன்னைக்குக் காலையில குனிஞ்சு, பொட்டை அழிச்சு, இதைத் தடவிப் பாத்தேல்லா. நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ என்னைத் திட்டுவேன்னு நெனச்சேன். நீ ஒண்ணும் சொல்லல. அப்பம் சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். ஆத்துலயும் நீ வேண்டாம்னு சொன்னே, ஏன்னு சொல்லலையே.”

போல்ட்டின் தலையைப் பத்திரிகைமேல் திருப்பி வைத்தான்.

“ஊர்ல எல்லார்ட்டயும் உன்னைப் பேசியிருக்கேன். ஆனா நீ தடவிப் பாத்ததை மட்டும் டிரைவர்ட்ட சொல்லல. உன் மேல அந்த ஆளுக்கு அம்புட்டு நம்பிக்கை” என்றான். தடியை ஊன்றிப் பைய எழுந்தான். கல்யாணத்துக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. பிட்டர் என்றதும், கொட்டகையில் சுண்டல் கொடுத்ததும், ஊர் முழுக்க என் பேரைக் கெடுத்ததும் அவன்தான். அத்தோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: எனக்கு மட்டும் தெரியும் என்று நான் நினைத்திருந்ததை அவனும் முப்பது வருஷமாகத் தெரிந்து வைத்திருந்தான். போல்ட்டின் தலையை மறுபடி இழுப்பறையில் போட்டேன். போடுவதற்கு முன்னால் பழக்கத்தில் பெருவிரலால் ஒரு தடவை தடவினேன். அதே வழவழப்பு. இதை ஏதோ அவன் குற்றத்துக்குச் சாட்சி என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன்.

அண்ணாச்சி இன்னும் ஆழ்வார்குறிச்சியில்தான் இருக்கிறார். விறைத்த காலை நீட்டிக்கொண்டு மகள் கடையில் உட்கார்ந்திருப்பார் என்று கேள்வி. ஜங்ஷனில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். இன்றுவரை நான் போகவில்லை.